கவ்வாத்துக் கனகுவுக்கு எடுத்த வெற்றிவிழா

கவ்வாத்துக் கனகுவுக்கு நாற்பத்தைந்து வயது. குள்ளம், நல்ல பருமன், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, வாயில் எந்நேரமும் வெற்றிலை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது ஆம்பிளை வேலை என்று சொன்ன கங்காணியின் கையிலிருந்தே கத்தியைப் பிடுங்கி, ஒரு மலையை ஒற்றை ஆளாக வெட்டி முடித்தவள். ஆனாலும் அவளுடைய பெரிய ஆயுதம் கத்தி இல்லை, தொண்டைதான். மேட்டில் நின்று ஒரு சத்தம் போட்டால் கீழே ரோட்டில் போகிற துரையின் ஜீப் நின்றுவிடும். கொழுந்து நிறுக்கிற தராசின் முள் பயந்துபோய்ச் சரியான இடத்துக்கு வந்துவிடும். சிறுத்தையே எதிரில் வந்தாலும் அவள் முதலில் உட்கார்ந்து ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டுதான் எழும்புவாள். அவசரப்பட்டு அடிப்பது அவளுக்குப் பிடிக்காது.

இந்தக் கனகு கடதாசியில் மட்டும் வாழ்கிறவள். அவளைப் பெற்றெடுத்தவள் சுகிர்தா. ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, நாவலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிற டீச்சர். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றின் சிறுவர் பக்கத்துக்காக வாராவாரம் கனகுவை வரைந்து அனுப்பினாள். சிறுவர் பக்கம் என்பது பேருக்குத்தான். லயத்தில் அதைப் பெரியவர்கள்தான் முதலில் பறித்துக்கொள்வார்கள். அடுத்த காம்பரா வீட்டிலிருக்கும் பாலம்மா வாசலில் உட்கார்ந்து உரத்து வாசிக்க, வரிசை முழுக்கக் கேட்டுச் சிரிக்கும். கனகுவின் தொண்டை பாலம்மாவின் தொண்டைதான் என்பது எல்லாருக்கும் தெரியும். பாலம்மாவுக்கு மட்டும் தெரியாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மலைநாட்டுக் கலை, சினிமா மற்றும் ரசனை மேம்பாட்டுச் சபையின் கண்ணில் கனகு பட்டாள்.

இந்தச் சபை என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் கண்டியில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் சபைத் தலைவருக்குப் போன வாரம் யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்று கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். படம் பத்திரிகையில் வந்திருக்கும். தலைவரின் பெயர் கலைச்சிகரம் கணபதி. 'கலைச்சிகரம்' என்ற பட்டத்தைக் கொடுத்தது அதே சபை. கொடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரேதான்.

பல்லேகலயில் இருந்த சபைக் காரியாலயத்துக்குச் சுகிர்தாவைக் கூப்பிட்டார்கள். அறையில் இருந்தது ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் நடுவில் ஒரு குத்துவிளக்கு. ஆளுக்கொரு திரி ஏற்றினார்கள், ஒருவரையொருவர் வரவேற்றுப் பேசினார்கள், பிறகு கதவைத் திறந்து தேத்தண்ணி கொண்டுவந்த ஆளையும் வரவேற்றார்கள். சுகிர்தா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்பதற்கு ஒரு இடைவெளி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி," என்றார் கணபதி கடைசியாக. "ஒங்க கனகுவ நாங்க படமா எடுக்கப் போறோம். சின்னப் புள்ளைங்க பாக்குற சித்திரக்கதைய ஒலகத் தரத்துக்குக் கொண்டுபோகப் போறோம். ஒலகத் தரம்னா என்னா தெரியுங்களா? பாக்குறவனுக்கு லேசுல புரிஞ்சிரக் கூடாது. அதான்."

சுகிர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கனகு பெரிய திரையில்! பாலம்மா கேட்டால் அந்த மலையே அதிருமே!

"ஒரு சின்ன நிபந்தனை," என்று செயலாளர் இப்திகாரைப் பார்த்தார் தலைவர். இப்திகார் நல்ல மனுஷன். தலைவர் தும்மினாலும் குறித்துக்கொள்வார், அது ஒன்றுதான் அவரிடம் உள்ள குறை.

"கண்டி தியேட்டர்ல படம் ரெண்டாம் வாரத்துக்குப் போனா, மிஸ், நீங்க கனகுவ வழமையப் போல கீறலாம்," என்றார் இப்திகார். "போகாட்டி கனகு சபைட பாதுகாப்புல ஓய்வெடுப்பா. அதுக்குப் பொறகு நீங்க கீற ஏலாது."

"ஏங்க சேர் அப்புடி?"

"தோத்துப்போன பாத்திரம் வாராவாரம் பேப்பர்ல தலைய நீட்டுனா சபைக்கு வெக்கம் இல்லீங்களா?" என்றார் கணபதி, மிகுந்த கருணையோடு.

கனகுவின் படம் ஒரு வாரத்தில் படுத்துவிடும் என்று கனவிலாவது யாராவது நினைப்பார்களா? சுகிர்தா சரி என்றாள். இரண்டாவது முறை விளக்கேற்றினார்கள்.

படத்தின் இயக்குநர் ரவிகுமார். கொழும்பிலிருந்து வந்தவர். பனிமூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். ஹந்தானையில் படப்பிடிப்பு தொடங்கிய அன்று லீவு போட்டுவிட்டு ஓடிவந்த சுகிர்தா, அங்கே நிற்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு, கனகுவாக நடிக்கிறவர் எப்போது வருவார் என்று கேட்டாள்.

"இவங்கதான்," என்றார் ரவிகுமார்.

இருபத்திரண்டு வயதிருக்கும். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. கழுத்திலிருந்து கால்வரை ஒட்டிப் பிடித்த கறுப்புத் தோல் உடுப்பு. குதி உயர்ந்த சப்பாத்து. அந்தச் சப்பாத்தோடு மலையில் நிற்க முடியாமல் பாவம், இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கனகுங்கிற பேரு ஸ்க்ரீன்ல ரொம்ப அகலமாத் தெரியுது மிஸ். அதனால 'கே'ன்னு வச்சிட்டேன். படத்துக்குப் பேரும் அதான். 'கே: நிழலின் நிழல்.'"

"அவ தொண்டையத் தொறந்தா ஜீப்பே நின்னுருங்களே, அந்தக் கட்டம்?"

"கே பேச மாட்டா. மௌனந்தான் அவளோட ஸ்டைல்."

"ஒரு வார்த்தகூடவா?"

"மழையில நடப்பா."

"நடந்து எங்க போவா?"

ரவிகுமார் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "போக மாட்டா மிஸ். நடப்பா."

சுகிர்தாவுக்கு இது சரியாகப் படவில்லை. இருந்தாலும் பெரிய ஆட்கள், படித்தவர்கள், உலகத் தரம் தெரிந்தவர்கள், நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த மலையில் அன்றைக்குத் தானாகவே பனி இறங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக, பார்த்தால் நெஞ்சு நிறைகிற மாதிரி. ரவிகுமாருக்கு அது பிடிக்கவில்லை. ஒழுங்கில்லாமல் வருகிறது என்றார். அந்தப் பனி விலகும்வரை அரை நாள் காத்திருந்துவிட்டு, இயந்திரம் வைத்துப் புகை போட்டார்கள். தேயிலை ரொம்பப் பச்சையாக இருக்கிறதென்று செடிகளுக்கு மேல் கருநீலச் சீலை விரித்தார்கள். தூரத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கமராவில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் தெரிந்ததால், ஆள் அனுப்பி அவர்களை மறைவுக்குப் போகச் சொன்னார்கள். பாலம்மாவும் அதில் ஒருத்தி.

"படம் புடிக்கிறாங்கன்னு நல்ல சீலையாப் பாத்துக் கட்டிட்டுப் போனேன் புள்ள," என்று சாயந்திரம் அவள் சுகிர்தாவிடம் சொன்னாள். "ஒளிஞ்சிக்கச் சொல்லிட்டானுங்க. பரவாயில்ல. நம்ம கனகு நல்லா வந்தாச் சரி."

படம் முடிந்தது. வெளியிட நாள் பார்த்தார்கள். உலகத்தில் மற்றவர்களெல்லாம் படத்தை வெள்ளிக்கிழமை வெளியிடுவார்கள். நம் சபையோ சுபநேரம் பார்த்துத்தான் தும்மும் சபை. தலைவரின் ராசிக்குப் பொருந்திய நேரம் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு விழுந்தது. அந்த நேரத்தில் தோட்டம் முழுக்க மலையில் நிற்கும், டவுன் முழுக்கக் கடையில் நிற்கும், பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். சுகிர்தா இதை எடுத்துச் சொன்னபோது, "மக்களுக்கு வசதியான நேரமெல்லாம் ராகு காலத்துல விழுந்தா அதுக்கு சபை என்னா தங்கச்சி பண்ணும்?" என்று கேட்டார் தலைவர்.

சரி, திங்கட்கிழமை போகட்டும். மற்ற நாட்களிலாவது ஓடியிருக்கலாமே! கேளுங்கள் அந்தக் கூத்தை. சபையின் படம் என்பதால் ஒவ்வொரு காட்சியும் சபையின் நிகழ்ச்சி. சபையின் நிகழ்ச்சி என்றால் மங்கல விளக்கு உண்டு, வரவேற்புரை உண்டு, ஆசியுரை உண்டு, காட்சிக்கொரு பிரதம அதிதி உண்டு. பிரதம அதிதி வராமல் விளக்கேற்ற முடியாது. விளக்கேற்றாமல் படம் போட முடியாது. எந்தக் காலத்திலாவது பிரதம அதிதி நேரத்துக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா?

தியேட்டரில் படம் ஓட்டுகிற தாஸிம் நானா மூன்றாம் நாள் சுகிர்தாவைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "மிஸ், படம் ரெண்டு மணித்தியாலம் ஈக்கி. பேச்சு ரெண்டரை மணித்தியாலம் ஈக்கி. சனம் பஸ்ஸ உட்டுப்போட்டு இதக் கேட்டுக்கொண்டு ஈக்குமா? நான் இந்த மெஷின்ல எத்தின படம் ஓட்டி ஈக்கி. ஆக்கள் வராத படம் ஓட்டினேன், ஆக்கள் அடிச்சிக்கொண்டு வந்த படம் ஓட்டினேன். வந்த ஆக்கள வரவேத்தே வெரட்டின படம் இதுதான்."

வியாழக்கிழமை சபை அவசரமாகக் கூடியது. விளக்கேற்றிவிட்டு, கூட்டம் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தார்கள். 'கூட்டம் இல்லை' என்ற சொல்லைச் சபையில் பாவிக்கக்கூடாது என்று முதலில் முடிவானது. அதற்குப் பதிலாக 'இருக்கைகள் நிதானமாக நிரம்பி வருகின்றன' என்று சொல்லவேண்டும். அடுத்து, படத்தில் குறை இல்லை, பார்க்கிறவர்களிடம்தான் ரசனை போதாது என்று கண்டுபிடித்தார்கள்.

"படம் தோக்கல," என்று மேசையில் தட்டினார் கணபதி. "பாக்காதவங்க தோத்துட்டாங்க."

அதற்கு வைத்தியமாக, காட்சிக்கு முன்னால் 'கேயைப் பார்ப்பது எப்படி' என்று அரைமணி நேர விளக்கவுரை ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் டிக்கட் எடுத்து வந்தது ஒரு பையனும் ஒரு பெண்ணும் மட்டும். இருட்டில் மூலையில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசலாம் என்று வந்த பிள்ளைகள். விளக்கவுரை முடிந்ததும் அவர்களை மேடைக்கு அழைத்தார்கள். இருவருக்கும் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, 'ரசிகமணி' என்று பட்டம் கொடுத்து, பத்திரிகைக்குச் சோடியாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். பெண் ஓவென்று அழுதுகொண்டு ஓடிவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று அறிவிப்பாளர் மைக்கில் சொன்னார். சனிக்கிழமை பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. அன்றைக்கு ஒரு ஈ காக்கைகூடத் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பொன்னாடைக்குப் பயந்து ஆட்கள் எதிர்ப்பக்க நடைபாதையால் போனார்கள்.

இப்போது எஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்றைக்கும் ஹோல் நிறையச் சனம் வராவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவோம் என்று தியேட்டர்காரர்கள் சொல்லிவிட்டார்கள். படத்தைத் தூக்கினால் கனகுவையும் தூக்கியாயிற்று. சனிக்கிழமை சாயந்திரம் சுகிர்தா பல்லேகலக்கு ஓடினாள்.

"சேர், ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பேச்சு ஒண்ணும் வேணாம். தோட்டத்துல நாளைக்குத்தான் லீவு. கோயில் கமிட்டில பஸ் புடிச்சி எல்லாரும் வர்றாங்க. டிக்கட் எடுத்துப் பாப்பாங்க. ஹோல் நெறையும்."

கணபதி அவளைத் தட்டிக்கொடுத்தார். "கவலைப்படாதீங்க தங்கச்சி. நாளைக்கு ஹோல் நெறையும். ஒரு கதிரைகூட மிஞ்சாது. நான் பொறுப்பு."

மனுஷன் சொன்னது பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. ஹந்தானையிலிருந்து இரண்டு பஸ் நிறையச் சனம் இறங்கியது. எல்லாரும் திருவிழாவுக்குக் கட்டுகிற சீலை, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை. முன்னால் பாலம்மா, குடையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு. தியேட்டர் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மேலே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு பதாகை: 'கே: நிழலின் நிழல். மாபெரும் வெற்றிவிழா.'

இப்திகார் வாசலில் நின்று அழைப்பிதழ் பார்த்து ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அரச திணைக்களங்களிலிருந்து, சங்கங்களிலிருந்து, மன்றங்களிலிருந்து, மன்றங்களின் கிளைகளிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"என்னாங்க இது?" என்றாள் சுகிர்தா. "இவங்க டிக்கட் எடுக்க வந்திருக்காங்க. கவுண்டரத் தொறக்கச் சொல்லுங்க."

"இண்டைக்கு டிக்கட் விக்கிறது இல்ல மிஸ்," என்றார் இப்திகார். "இண்டைக்கு வெற்றிவிழா."

"டிக்கட் விக்காம என்னா வெற்றி?"

இப்திகார் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "அது தலைவர்ட்டத்தான் கேக்கோணும். நீங்க உள்ளுக்கு வாங்க, நீங்க கௌரவ அதிதி. இவங்களுக்கு அழைப்பிதழ் இல்லயே."

பாலம்மா முன்னால் வந்தாள். "நாங்க வெளிய நிக்கிறோம் புள்ள. நீ உள்ள போயி என்னான்னு கேளு. பேசி முடிச்சிட்டுப் படம் போடுவாங்கதானே? நமக்கு மழ புதுசா?"

உள்ளே ஒரு கதிரை மிச்சமில்லாமல் நிறைந்திருந்தது. சுகிர்தாவை மேடையில் ஒரு ஓரத்துக் கதிரையில் உட்கார வைத்துவிட்டார்கள். எழும்பிப் போய்த் தலைவரிடம் பேசலாம் என்றால், நடுவில் பன்னிரண்டு அதிதிகளும் அவர்களுடைய முழங்கால்களும். விளக்கேற்றினார்கள். முன்னால் வந்து திரி ஏற்றியவர்களே பிறகு மறந்துபோய் இன்னொரு தடவை அழைக்கப்பட்டார்கள். வரவேற்புரை. ஆசியுரை. வரவேற்புரை நன்றாக இருந்தது என்று ஒரு வாழ்த்துரை. வெளியே மழை கொட்டுகிற சத்தம் கூரையில் கேட்டது. அந்தச் சத்தம் கூடக் கூடச் சுகிர்தா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கலைச்சிகரம் எழுந்தார்.

"பெருமக்களே! இந்தப் படத்த நான் இன்னும் பாக்கல. ஏன்? தலைவரா இருக்கிறவன் பாரபட்சம் பாக்கக் கூடாது. பாத்துட்டா எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துரும். அபிப்பிராயம் வந்துட்டா நான் நடுநிலை தவறிருவேன்." கைதட்டல். "கூட்டம் வரலேன்னு சில பேரு சொல்றாங்க. எல்லாரும் வந்து பாத்துட்டா அது என்னாங்க தரம்? சந்தைக்குந்தான் எல்லாரும் வர்றாங்க. நம்ம படத்துக்கு வராதவங்கள எண்ணிப் பாருங்க. இந்த நாட்டுல வேற எந்தப் படத்துக்காவது இத்தன பேரு வராம இருந்திருக்காங்களா?" பலத்த கைதட்டல். "நாம எடுத்தது ஸ்டைல். ஸ்டைலுக்கு ரசிகன் தேவையில்ல. கண்ணாடி இருந்தாப் போதும்."

ரவிகுமார் இருந்த இடத்திலிருந்து எழுந்து, கறுப்புக் கண்ணாடியோடு தலைகுனிந்து நன்றி சொன்னார். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

"தியேட்டர் கணக்குப்படி இன்னைக்கி ஒரு டிக்கட்டும் விக்கல," என்று தொடர்ந்தார் கணபதி, வருத்தத்தோடு. அவர் வருத்தம் உண்மையானது. எப்படி விற்காமல் போனது என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "அதனால, நிபந்தனைப்படி, இந்தப் பாத்திரத்துக்கு இன்னையிலேருந்து கௌரவ ஓய்வு. இங்க பாருங்க."

ஆளுயர மட்டையில் வெட்டி நிறுத்திய கேயின் உருவத்தை இருவர் தூக்கிவந்து மேடை நடுவில் நிறுத்தினார்கள். ஒல்லி, கறுப்பு உடுப்பு, குதி உயர்ந்த சப்பாத்து, நெற்றியில் ஒட்டிய ஈர மயிர். தலைவர் மட்டைக்கு மாலை போட்டார். பொன்னாடை போர்த்தினார். அது சரிந்து விழப் பார்க்க, இப்திகார் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"இந்த உருவம், இந்த மௌனம், இந்த மழை, எல்லாம் சபையோட சொத்து! இனிமே ஒருத்தரும் இத வரையக் கூடாது, எழுதக் கூடாது, நெனைக்கிறதா இருந்தாலும் சபைக்கு அறிவிச்சிட்டு நெனைக்கணும்! அடுத்ததா நன்றியுரை. நம்ம தங்கச்சி சுகிர்தா."

சுகிர்தா எப்படி மைக்வரை வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மைக்கை இறுக்கிப் பிடித்தாள். பயத்தில் இல்லை, கோபத்தில்.

"நன்றி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "வெளிய ரெண்டு பஸ் சனம் மழையில நனைஞ்சிக்கிட்டு நிக்கிது. இந்த வாரம் பூரா இந்தப் படத்துக்குக் காசு குடுத்துப் பாக்க ஆசப்பட்டது அவங்க மட்டுந்தான். அவங்கள வெளிய நிப்பாட்டிட்டு நீங்க உள்ள ஒக்காந்து கை தட்டுறீங்க. படத்தக் கொன்னது நீங்க. ஒங்க வெளக்கு, ஒங்க மாலை, ஒங்க பேச்சு. நீங்க ஒருத்தராச்சும் இந்தப் படத்தப் பாத்தீங்களா? கனகு யாருன்னு ஒருத்தருக்காச்சும் தெரியுமா? வெக்கமா இல்லீங்களா ஒங்களுக்கு?"

ஹோல் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்த மேடை அதுவரை கண்டதில்லை. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். நன்றியுரை முடிந்தால் சாப்பாடு என்று அவர்களுக்குத் தெரியும், பக்கத்து மண்டபத்திலிருந்து புரியாணி வாசம் வேறு வரத் தொடங்கியிருந்தது. கணபதி கண் கலங்க வந்து அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்.

"அருமையாப் பேசுனீங்க தங்கச்சி," என்று காதோரம் குனிந்தார். "யாரு எழுதிக் குடுத்தது?"

சுகிர்தா பதில் சொல்வதற்குள் மேடை காலி. ஹோலும் காலி. இத்தனை மாதமாகச் சபையால் செய்ய முடியாத வேலையை ஒரு சட்டிப் புரியாணி ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டது. எல்லாரும் ஒரே திசையில், ஒரே மனதோடு போனார்கள். மட்டையில் வெட்டிய கே மட்டும் மாலையோடு நின்றாள். சுகிர்தா முன்வரிசைக் கதிரை ஒன்றில் விழுந்து, முகத்தைப் பொன்னாடையில் புதைத்துக்கொண்டு அழுதாள். வேறு துணி கையில் இல்லை.

"மிஸ்." தாஸிம் நானா பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். "அழுறத நிப்பாட்டுங்க. ஒங்கட ஆக்கள உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. நான் படம் போடத்தான் வந்தேன், போடாம ஊட்டுக்குப் போகமாட்டேன்."

"டிக்கட் இல்லியே நானா?"

"இந்தக் கிழமை முழுக்க ஆரும் பாக்காம ஓடின படம். இண்டைக்காவது ஆராவது பாத்துட்டுப் போகட்டுமே."

ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு சனம் உள்ளே வந்து உட்கார்ந்தது. அதிதிகள் எழும்பிப்போன கதிரைகளெல்லாம் நிறைந்தன. பிள்ளைகள் மடியில், காகிதத்தில் சுற்றிய கடலைச் சரைகள் கையில். இருட்டு விழுந்தது. சுகிர்தா பாலம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கனகு இனி இல்லை என்பதை இந்தச் சனத்துக்கு எப்படிச் சொல்வது என்ற ஒரே யோசனைதான் அவளுக்கு. அடுத்த ஞாயிறு பத்திரிகையை விரித்துக்கொண்டு இவர்கள் வாசலில் உட்காருவார்களே!

திரையில் மழை பெய்தது. நீல வெளிச்சத்தில் கே நடந்தாள். நின்றாள். திரும்பினாள், மெதுவாக. அதிலேயே கொஞ்ச நேரம் போனது. மறுபடி நடந்தாள். தோட்டத்துச் சனம் பொறுமையாகப் பார்த்தது. நடுவில் யாரோ, "யாரு பெத்த புள்ளயோ, இப்புடி நனையுது, சளி புடிக்கப் போவுது," என்றார்கள். "ஊமப் புள்ள போல," என்று இன்னொரு குரல் இரக்கப்பட்டது. கே ஒரு பாறைமேல் நின்று தூரத்தைப் பார்க்க, படம் முடிந்து பெயர்கள் ஓடின. விளக்கு எரிந்தது.

ஒருவரும் எழும்பவில்லை. பிள்ளைகள்கூட அசையாமல் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். சுகிர்தாவுக்குப் புரியவில்லை. நொந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று பயந்தாள்.

"பாலம்மாக்கா," என்றாள் மெல்ல. "எந்திரிக்கலியா?"

"இரு புள்ள, என்னா அவசரம்?" பாலம்மா கடலைச் சரையை அவள் பக்கம் நீட்டினாள். "நடக்குற புள்ள படந்தான் முடிஞ்சிருக்கு. நம்ம கனகு படத்த இன்னும் போடல."

சுகிர்தா அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு முகத்திலும் கேலி இல்லை. எல்லாரும் உண்மையாகவே காத்திருந்தார்கள். மேடையில் பொன்னாடையும் மாலையுமாக நிற்கிற மட்டையை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. முழங்காலில் தலை முட்டுகிற மாதிரி குனிந்து, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள்.

"என்னாடி ஆச்சி ஒனக்கு?" என்று பாலம்மா முதுகைத் தடவினாள். "கனகு எங்கன்னு கேக்குறேன்?"

"அவ இவனுங்க கையில சிக்கலக்கா," என்றாள் சுகிர்தா. "வாங்க, வீட்டுக்குப் போவோம். அடுத்த ஞாயித்துக்கு அவள வரையணும்."